கஞ்சமலை இரும்பும் கப்பலின் முதுகும்

சூரமங்கலத்திலுள்ள சேலம் சந்திப்பு நிலையத்தில் இறங்கித் தென்மேற்கே நோக்கினால் நீண்டு கிடக்கும் ஒரு மலையைக் காணலாம். அதுவே கஞ்சமலை. காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்புத் தாது அதன் பாறைகளில் வரிவரியாக அமைந்திருக்கிறது. சேலம் உருக்காலை அதன் அடிவாரத்தில்தான் உள்ளது. அங்கே 1980-களின் தொடக்கத்திலிருந்து துருப்பிடியா எஃகுத் தகடு உருட்டப்படுகிறது. ஆனால் அது கஞ்சமலைத் தாதுவை உருக்கிச் செய்யப்பட்டதன்று என்பதை வெளியூர் நண்பர்கள் பலர் அறியமாட்டார்கள். இந்த மலையின் தாது உலகச் சந்தைக்குப் போன காலம் ஒன்று உண்டு. அந்தக் கதையைத் தொடர்ந்து சென்றால், கடலில் ஒரு கப்பல் எப்போது முறியும் என்பதை முன்கூட்டியே கணக்கிட மனிதன் எப்படிக் கற்றான் என்ற இன்னொரு கதைக்கு வந்து சேருவோம். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள சேலத்துக்கும் கப்பலுக்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

கிழக்கிந்தியக் கும்பினியில் உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், நம் நாட்டுக் கொல்லர்கள் மண் உலையில் கரியிட்டு உருக்கிய இரும்பின் தரத்தைக் கண்டு வியந்தார். உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் பெரிய உலைகளை நிறுவினார். 1833-ல் அது ஒரு கம்பெனியாயிற்று. சேலம் வட்டாரத் தாது பரிசல்களில் ஏறிக் காவிரி வழியாகவும் கொள்ளிடம் வழியாகவும் கடற்கரைக்குச் சென்றதை மாவட்ட நூல்கள் குறிக்கின்றன. மரக்கரியால் உருக்கிய அந்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்து சென்றது. எஃகு செய்வதில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு ஹீத் 1839-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் ஷெஃபீல்டு எஃகு முதலாளிகளோடு வழக்காடியே பொருளிழந்து 1851-ல் இறந்தார். அவர் மறைந்து கால்நூற்றாண்டு கழியுமுன் உலைகளும் அணைந்துபோயின. மலையில் இருந்த தாதுவுக்குக் குறைவில்லை. உலைக்கு வேண்டிய கரிக்குத்தான் காடுகள் போதவில்லை. சூரமங்கலம் வழியாக 1860-களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை வந்தபோது, இரும்பு மலையின் எதிரிலேயே இங்கிலாந்துத் தண்டவாளத்தைப் போட வேண்டியிருந்தது!

இந்திய இரும்பின் வரலாற்றை எழுதியவர்கள் பலர், பரங்கிப்பேட்டை இரும்பு பிரிட்டனில் மெனாய் நீரிணையின் குறுக்கே கட்டப்பட்ட பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் இடம் பெற்றதாக எழுதியிருக்கிறார்கள். பல்லாயிரம் டன் இரும்பை விழுங்கிய அப்பாலத்தில் நம் பங்கு சிறிதாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் பாலத்தின் முக்கியத்துவம் சிறிதன்று. கப்பலின் வளைவு வலிமையைப் பற்றிய அறிவு அந்தப் பாலத்தை ஒட்டித்தான் பிறந்தது.

முதலில் கப்பல் ஏன் வளைகிறது என்பதைப் பார்ப்போம். கப்பலை நீர் தாங்குகிறது. ஆனால் எங்கும் ஒரே அளவாகத் தாங்குவதில்லை. பேரலையின் முகடு கப்பலின் நடுவில் வந்து நின்றால், இரு முனைகளும் ஆதரவின்றித் தொங்கும். அப்போது கப்பல் கூன் விழுந்ததுபோல் நடுவில் மேலெழும். மேல்தளம் இழுபடும்; அடித்தகடு அமுங்கும். சில நொடிகளில் அலை நகர்ந்து, இரு முனைகளிலும் முகடுகளும் நடுவில் பள்ளமுமாக அமைந்தால் நேர்மாறாகும். நடுப்பகுதி தொய்யும், மேல்தளம் அமுங்கும், அடித்தகடு இழுபடும். கடலில் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இது நிகழ்கிறது. அலையே வேண்டியதில்லை, சரக்கைத் தாறுமாறாக ஏற்றினால் துறைமுகத்திலேயே இந்த வளைவு உண்டாகிவிடும்.

மரக்கப்பல் காலத்துத் தச்சர்கள் இதைக் கண்ணால் கண்டவர்கள். நீரில் இறக்கியதுமே ஏரா என்னும் அடிமரம் வில்லாக வளைந்துவிடுவதுண்டு. நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகோட்டிகள் வேறு வழி கண்டார்கள். பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் தைத்து, அலை அடித்தால் படகு நெளிந்து கொடுக்கும்படி விட்டுவிட்டார்கள். சிறு படகுக்கு அது சிறந்த உபாயம். பெரிய போர்க்கப்பலுக்கு அது பொருந்தாது. 1814-ல் தாமஸ் யங் கப்பலை ஓர் உத்திரமாகக் கருதி, அலையில் அதன் மீது வரும் வளைவைக் கணக்கிட முயன்றார். மீள்தன்மை பற்றிய பாடத்தில் யங் குணகம் என்று படித்திருப்பீர்களே, அவரேதான். ஆனால் கணக்கு அன்று கப்பல் கட்டும் துறைக்குள் நுழையவில்லை. அதற்கு இரும்பு வரவேண்டியிருந்தது.

மெனாய் நீரிணையில் ரயில் செல்ல ஒரு பாலம் வேண்டும். பெரிய கண் ஒவ்வொன்றும் 460 அடி, அதாவது சுமார் 140 மீட்டர். கீழே பாய்மரக் கப்பல்கள் தடையின்றிச் செல்ல வேண்டுமாதலால் வளைவுப் பாலம் கூடாது என்று கடற்படையினர் கூறிவிட்டார்கள். ராபர்ட் ஸ்டீவன்சன் துணிந்து ஒரு வழி கூறினார்: இரும்புத் தகடுகளால் ஒரு பெரிய பெட்டிக் குழாய் செய்து, அதை இரு தூண்களின்மேல் உத்திரம்போல் வைத்து, ரயிலை அதற்குள்ளேயே ஓட்டுவது. அவருக்கு அந்தத் துணிவைத் தந்தவற்றுள் ஒரு கப்பல் விபத்தும் உண்டு. இலண்டனில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்ற இரும்புக் கப்பலை நீரில் இறக்கும்போது அது நடுவழியில் சிக்கிக்கொண்டது. சுமார் 110 அடி நீளம் அடியில் தாங்கல் ஏதுமின்றி அந்தரத்தில் நின்றும் கப்பலுக்குச் சேதமில்லை. அப்படியானால் கப்பல் ஒரு குழாய். குழாய் ஓர் உத்திரம்!

சோதனைகளை வில்லியம் ஃபேர்பேர்ன் 1845-ல் இலண்டன் மில்வாலில் இருந்த தம் கப்பல் பட்டறையில் தொடங்கினார். கணிதப் பக்கத்தை ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் பார்த்துக்கொண்டார். வட்டக் குழாய், முட்டைவடிவக் குழாய், செவ்வகக் குழாய் என்று பலவற்றை இரு முனைகளில் தாங்கி, நடுவில் எடை தொங்கவிட்டு, முறியும்வரை சோதித்தார்கள். விடை எல்லோரையும் திகைக்க வைத்தது. அடிப்பக்கம் கிழிந்து முறியும் என்றே எதிர்பார்த்தார்கள். ஆனால் மேற்பக்கத் தகடு சுருக்கம் விழுந்து மடிந்து, அதனாலேயே பெரும்பாலான குழாய்கள் உட்கார்ந்துவிட்டன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பப்பாளி இலைக் காம்பைப் பறித்து மெல்ல வளையுங்கள். வெளிவளைவுப் பக்கம் இழுபடுகிறது, ஆனால் கிழிவதில்லை. உள்வளைவுப் பக்கம் திடீரென நசுங்கி மடிகிறது. மடிந்த கணத்தில் காம்பு தன் வலிமை முழுவதையும் இழந்துவிடுகிறது. காம்பின் நார் அறுந்ததா? இல்லை. பொருள் தோற்கவில்லை, வடிவம் தோற்றுவிட்டது. பொறியியலில் இதை நெளிதல் என்போம். இக்கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான்.

ஃபேர்பேர்ன் மேல்தகட்டைத் தடிமனாக்குவதற்குப் பதில், அதைப் பல சிறு அறைகளாகப் பிரித்தார். சிறு சதுரக் குழாய்களை அடுக்கியதுபோன்ற மேற்கூரை. சிறு அறை எளிதில் நெளியாது. ஆறில் ஒரு பங்கு அளவில் 75 அடிக் கண் கொண்ட மாதிரி ஒன்று செய்தார்கள். இப்போது மேற்பக்கம் உறுதியாகிவிட்டதால், ஏறத்தாழ 35 டன் எடையில் அடிப்பக்கம் கிழிந்தது. அடியைப் பலப்படுத்தி மீண்டும் மீண்டும் சோதித்து, கடைசியில் 86 டன் வரை தாங்கச் செய்தார்கள். குழாய்க்குத் துணையாகச் சங்கிலிகள் வேண்டியிருக்கலாம் என்று தூண்களை உயர்த்தித் துளையும் விட்டிருந்தார்கள். சங்கிலி தேவைப்படவேயில்லை. பாலம் 1850 மார்ச் 5-ஆம் நாள் திறக்கப்பட்டது. வெறுந்துளைகளோடு தூண்கள் மட்டும் இன்றும் உயர்ந்து நிற்கின்றன. 1970 மே மாதம் நேர்ந்த ஒரு தீவிபத்தில் கெட்ட குழாய்களை நீக்கிவிட்டு, இப்போது எஃகு வளைவுகள் வைத்திருக்கிறார்கள்.

கப்பல் பாலத்துக்குக் கற்றுக்கொடுத்தது. இப்போது பாலம் கப்பலுக்குக் கற்றுக்கொடுத்தது. ஸ்டீவன்சனின் நண்பர் புரூனெல், அதே மில்வாலில் 692 அடி நீள ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலைக் கட்டினார். அடியில் இரட்டைத் தகடு. இடையே நீளவாக்கில் ஓடும் தடுப்புகள். மேல்தளமும் அறை அறையாக. மெனாய்க் குழாயையே கடலில் மிதக்கவிட்டதுபோன்ற அமைப்பு அது. 1858 ஜனவரியில் நீரில் இறங்கிய அக்கப்பலை, 1862-ல் நியூயார்க்குக்கு அருகே ஒரு பாறை 83 அடி நீளத்துக்குக் கிழித்தது. உட்தகடு காத்துக்கொண்டதால் கப்பல் தானே துறைமுகம் போய்ச் சேர்ந்தது. வணிகத்தில் அக்கப்பல் பெருந்தோல்வி என்பது வேறு கதை. அமைப்பில் அது தன் காலத்துக்கு அரை நூற்றாண்டு முந்தியது என்பேன்.

இனி ஒரு சிறு கணக்கு. மனக்கணக்காகவே போடலாம். 1874-ல் வில்லியம் ஜான் என்பவர் ஒரு சுருக்கு வழி கூறினார். கப்பலின் நீளத்தளவு நீளமும் அதில் இருபதில் ஒரு பங்கு உயரமும் கொண்ட அலைமீது கப்பலை நிறுத்தினால், அதன் நடுவில் வரும் வளைவுத் திருப்புத்திறன், கப்பலின் எடையை நீளத்தால் பெருக்கி 35-ஆல் வகுத்த அளவு இருக்கும் என்பதே அது. மெனாய்ப் பாலத்தின் ஒரு கண்ணளவு, அதாவது 140 மீட்டர் நீளமும் 10,000 டன் எடையும் உள்ள கப்பலை எடுத்துக்கொள்வோம். விடை 40,000 டன்-மீட்டர். கப்பலின் உயரம் 10 மீட்டர் என்றால், மேல்தளத்தை ஏறக்குறைய 4,000 டன் விசை ஒரு பக்கம் இழுக்க, அடித்தகட்டை அதே 4,000 டன் விசை மறுபக்கம் அமுக்குகிறது.

சாதாரணக் கப்பல் எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 24 கிலோகிராம் வரை தாங்கும். அதற்குமேல் நிலையாக உருமாறத் தொடங்கும். கப்பலின் அகலம் 19 மீட்டர். அப்படியானால் 9 மில்லிமீட்டர் தகடு போதும் என்று கணக்குச் சொல்லும். இழுவிசைக்கு அது மெய்தான். அமுக்கவிசைக்கு? 75 சென்டிமீட்டர் இடைவெளியில் நீளவாக்குச் சட்டங்கள் வைத்துத் தாங்கிய அதே தகடு, ஏறக்குறைய 11 கிலோகிராம் தகைவிலேயே நெளியத் தொடங்கிவிடும். சட்டங்களைக் குறுக்குவாக்கில் வைத்தால் இன்னும் மோசம். அதில் கால்பங்கு தகைவே போதும். அன்றைய கப்பல்களில் பெரும்பாலானவை குறுக்குச் சட்டங்கள் கொண்டவை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மரக்கப்பலின் விலா எலும்புகளைப் பார்த்துப் பழகிய கண், இரும்பிலும் அப்படியே விலா வைத்தது. நீளவாக்குச் சட்ட முறையை இஷர்வுட் என்பவர் முறைப்படுத்தி, ‘பால் பெய்க்ஸ்’ என்ற எண்ணெய்க் கப்பலை அவ்வாறு கட்டுவித்தது 1908-ல்தான்.

தகடு எப்போது நெளியும் என்ற சூத்திரத்தை 1891-ல் ஜி. எச். பிரையன் என்ற கணித அறிஞர் கண்டார். தம் ஆய்வுரையின் தலைப்பிலேயே கப்பலின் பக்கத் தகடுகளைக் குறிப்பிட்டிருந்தார். தடிமனைச் சட்ட இடைவெளியால் வகுத்து, அதன் வர்க்கத்துக்கு ஏற்பத் தகைவு அமையும் என்பது அதன் சாரம். தடிமனைப் பாதியாக்கினால் நெளியும் தகைவு கால்பங்காகிவிடும். எடையைக் குறைக்க விரும்பும் ஒவ்வொரு பொறியாளரும் அஞ்ச வேண்டிய விதி இது.

அஞ்சாமல் விட்டதன் விலை 1901-ல் தெரிந்தது. பிரிட்டனின் ‘கோப்ரா’, அன்றைய புதுமையான நீராவிச் சுழலி பொருத்திய போர்க்கப்பல். வேகத்துக்காக மெல்லிய தகடுகளால் கட்டப்பட்டது. 1901 செப்டம்பர் 18-ஆம் நாள், தன் முதற் பயணத்திலேயே வடகடலில் இரண்டாக முறிந்தது. 67 பேர் மாண்டனர்; 12 பேரே பிழைத்தனர். விசாரணை மன்றம் கப்பல் வலிமை குன்றியது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ‘உல்ஃப்’ என்ற மற்றொரு கப்பலை உலர்துறையில் நிறுத்தி, ஒருமுறை நடுவில் மட்டும் தாங்கியும், மறுமுறை இரு முனைகளில் மட்டும் தாங்கியும், துறை நீரை மெல்ல மெல்ல வடித்து, தகடுகளின் நீட்சியை அளந்தார்கள். ‘உல்ஃப்’ முறியவில்லை. கடலில் கொண்டுபோய் அளந்தபோது, ஏட்டுக் கணக்கின் அலை மெய்யான அலையைவிடக் கடுமையானது என்றும் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் ‘எப்போது முறியும்?’ என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை காண ஒரே வழி, ஒரு கப்பலை வேண்டுமென்றே முறிப்பது. அமெரிக்கக் கடற்படை 1930-31-ல் ‘பிரஸ்டன்’, ‘புரூஸ்’ என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களை உலர்துறையில் அவ்வாறே முறித்தது. கூன் விழச்செய்த ‘பிரஸ்டன்’ அடிப்பக்கத்தில் நெளிந்து மடிந்தது. தொய்யச்செய்த ‘புரூஸ்’ மேல்தளத்தில் மடிந்தது. எங்கே அமுக்கமோ அங்கே முறிவு. ஃபேர்பேர்னின் குழாய்கள் சொன்னதை 85 ஆண்டுகள் கழித்து முழுக் கப்பல்களே சொல்லின!

இன்னொரு நுட்பம் அதற்கடுத்த ஆண்டு தெளிவாயிற்று. தகடு நெளிந்ததும் அது செத்துவிடுவதில்லை. நடுப்பகுதி புடைத்து ஒதுங்கிக்கொள்ள, சட்டங்களை ஒட்டிய ஓரப்பகுதிகள் தொடர்ந்து சுமை தாங்குகின்றன. அந்த ஓரத்தின் பயனுறு அகலத்தைக் கணக்கிடும் வழியை 1932-ல் தியடோர் ஃபான் கார்மான் கூறினார். அவருக்கு முன்னிருந்த சிக்கல் விமானத் தகடு. பலன் கப்பலுக்கும் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பற்றவைத்த கப்பல்கள் குளிரில் கண்ணாடிபோல் பிளந்தது பலரும் கேட்ட செய்தி. அது எஃகின் நொறுங்குதன்மையால் வந்த வேறு நோய். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். நம் கதைக்கு அடுத்த திருப்பம் 1965. பிரிட்டிஷ் பேராசிரியர் கால்டுவெல், கப்பலின் வெட்டுமுகம் முழுவதும் இனித் தாங்கமாட்டேன் என்று கைவிரிக்கும் இறுதித் திருப்புத்திறனைக் கணக்கிட்டார். இழுபடும் பக்கத்துக்கு எஃகின் முழு வலிமையையும், அமுங்கும் பக்கத்துக்கு நெளிவால் குறைந்த வலிமையையும் கொடுத்தார். ஆனால் அமுங்கும் பகுதிகளெல்லாம் ஒரே சமயத்தில் உச்சத்தை எட்டுவதில்லை. ஒன்று மடிந்து சுமையை இறக்கிவிட, அடுத்தது அதை ஏற்று, தானும் மடிகிறது. கல்யாணப் பந்தலில் ஒரு கால் சாய்ந்தால் அடுத்த காலுக்குச் சுமை கூடுவதுபோலத்தான். 1977-ல் ஸ்மித் என்ற ஆய்வாளர் இதையும் கணக்கில் கொண்டார். வெட்டுமுகத்தை ஒரு சட்டமும் அதையொட்டிய தகடுமாகப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு குறுகினால் எவ்வளவு தாங்கும் என்று தனித்தனி வரைகோடு போட்டு, கப்பலைச் சிறிது சிறிதாக வளைத்துக்கொண்டே கூட்டிப் பார்ப்பது அவர் முறை. கூட்டுத்தொகை ஓரிடத்தில் ஏறி, பின் இறங்கும். அந்த உச்சியே கப்பலின் இறுதி வலிமை.

இம்முறைக்கு ஒரு பெருஞ்சான்று விரைவிலேயே கிடைத்தது. 1980 ஜூலையில் ராட்டர்டாம் துறைமுகத்தில், அமைதியான நீரில், ‘எனர்ஜி கான்சென்ட்ரேஷன்’ என்ற மாபெரும் எண்ணெய்க் கப்பல் எண்ணெயை இறக்கிக்கொண்டிருந்தது. நடுத்தொட்டிகள் காலியாக, முனைத்தொட்டிகளில் எண்ணெய் நிறைந்திருந்தது. கூன்வளைவு எல்லை மீறிக் கப்பலின் அடித்தகடு மடிந்தது, முதுகு ஒடிந்தது. அலை இல்லை, புயல் இல்லை. சுமை எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரியும். ஆகவே ஆய்வாளர்களுக்கு இது காசு கொடுத்தாலும் கிடைக்காத சோதனை. கால்டுவெல்லும் ரூதர்ஃபோர்டும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வழியில் கணக்கிட்ட இறுதி வலிமை உண்மையில் முறித்த சுமைக்கு அருகில் வந்தது.

இத்தனைக்குப் பிறகும் நம் கடலிலேயே ஒரு கப்பல் முறிந்தது. ‘எம்.ஓ.எல். கம்ஃபர்ட்’, 2008-ல் ஜப்பானில் கட்டிய 316 மீட்டர் நீளக் கொள்கலக் கப்பல். சிங்கப்பூரிலிருந்து ஜெட்டாவுக்குச் செல்கையில், 2013 ஜூன் 17-ஆம் நாள் ஏமன் கரைக்கப்பால் நடுவில் விரிசல் கண்டு இரண்டாயிற்று. மும்பை மீட்பு மையம் அருகிலிருந்த கப்பல்களைத் திருப்பிவிட, 26 மாலுமிகளும் உயிர் தப்பினர். பின்பாதி பத்து நாளில் மூழ்கியது. முன்பாதி இழுத்துச் செல்லும்போது தீப்பிடித்து ஜூலையில் மூழ்கியது.

அக்கப்பல் அன்றைய விதிகள் எல்லாவற்றையும் நிறைவு செய்தது என்பதே நெஞ்சில் தைக்கும் செய்தி. உடைந்த பகுதி கடலடியில். ஆகவே அதே வரைபடத்தில் கட்டிய சகோதரக் கப்பல்களின் அடியைச் சோதித்தார்கள். நடுப்பகுதி அடித்தகடுகளில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அளவுக்குப் புடைப்புகள் காணப்பட்டன. நெளிவின் கையெழுத்து அது! கொள்கலக் கப்பலுக்குச் சுமை ஏற்றும்படி மேற்பக்கம் திறந்திருக்கும். அது எப்போதும் கூன்வளைவிலேயே மிதப்பதால் அடித்தகடு ஓயாமல் நீளவாக்கில் அமுங்கிக்கொண்டிருக்கும். அதோடு கீழிருந்து கடல்நீரும் அதே தகட்டை மேல்நோக்கி அழுத்திக் குறுக்குவாக்கிலும் அமுக்குகிறது. இரண்டும் சேர்ந்தால், தனித்தனியே கணக்கிட்ட வலிமை கிடைப்பதில்லை. சகோதரக் கப்பல்களின் அடிப்பகுதியைப் பலப்படுத்தினார்கள்.

கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, எண்ணெய்க் கப்பல்களுக்கும் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கும் இறுதி வலிமைக் கணக்கை 2006-லேயே கட்டாயமாக்கியிருந்தது. 1975-ல் தொடங்கிய நம் இந்தியக் கப்பல் பதிவகம் 2010 முதல் அதில் முழு உறுப்பினர். கொள்கலக் கப்பல்களுக்கான புதிய விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாள் முதல் ஒப்பந்தமாகும் ஒவ்வொரு கொள்கலக் கப்பலுக்கும், அடித்தகடு எந்தச் சுமையில் மடியும் என்ற கணக்கை வரைபடத்தோடு சேர்த்துக் காட்டியாக வேண்டும்.